ஷிப்டு வீட்டிலும் ஒரு வேளை சேர்ந்து சாப்பிடலாம்!

உங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? நேற்றா? போன ஞாயிற்றுக்கிழமையா? இல்லை, பொங்கலுக்கா? சற்று யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

"எங்க முடியுது! அவுக ஆறு மணி ஷிப்டு. பையனுக்கு டியூஷன். பொண்ணு காலேஜ் விட்டு வர ஏழு மணி ஆயிருது. நான் பசிக்கிற நேரம் ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிடுவேன்..." - பல வீடுகளில் இதுதான் பதிலாக இருக்கும். சமையல் நடக்கத்தான் செய்கிறது. குக்கர் விசில் அடிக்கிறது. சோறும் தீர்ந்து போகிறது. ஆனால் ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து வெவ்வேறு நேரத்தில் தட்டு கழுவப்படுகிறது. அதிலும் இரண்டு தட்டு டி.வி. முன்னால், ஒரு தட்டு செல்போன் பக்கத்தில், இன்னொன்று அடுப்படி மேடையிலேயே!

'வயிறு நிறைந்தால் சரிதானே, இதில் என்ன பெரிய தப்பு?' என்று கேட்கலாம். வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு. வீட்டில் சமைப்பதும், சமைத்ததை எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுவதும் வெறும் சம்பிரதாயம் அல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ரத்தசோகை, பிள்ளைகளின் வளர்ச்சி என்று பலவற்றோடும் இதற்குச் சம்பந்தம் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முத்தையாபுரத்துக் கடிகாரம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் தெற்கே போனால் முத்தையாபுரம். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல், இடையில் ஆலைகள். இந்தக் கரையில் ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு பெரிய தொழில். 1961-ல் நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. பிறகு ஊரின் முகமே மாறியது. 1974-ல் புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1975-ல் ஸ்பிக் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1979-ல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. கோவில் மணிக்கும் வாத்தியார் மணிக்கும் பழகிய வீடுகள், ஆலைச் சங்குக்கும் ஷிப்டு பஸ்ஸுக்கும் பழக வேண்டியதாயிற்று.

காலை ஆறு மணி ஷிப்டு, பகல் இரண்டு மணி ஷிப்டு, ராத்திரி பத்து மணி ஷிப்டு என்று வாரத்துக்கு வாரம் மாறினால், அந்த வீட்டின் சாப்பாட்டு நேரமும் மாறத்தானே செய்யும்? உப்பளத்துக்குப் போகிறவர்களோ வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க, விடிவதற்கு முன்பே தூக்குச் சட்டியோடு கிளம்பிவிடுகிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றும் கடலும்தான் நேரம் குறிக்கின்றன. சென்னையிலும் கோவையிலும் கம்ப்யூட்டர் கம்பெனி, கால் சென்டர் என்று இப்போது வந்திருக்கும் பிரச்னை, இந்தக் கரைக்கு அரை நூற்றாண்டுப் பழசு!

இப்படி நேரம் தப்பிய வயிற்றுக்குக் கை கொடுப்பது எது? பரோட்டா கடைதான். தூத்துக்குடியில் ராத்திரி நேரப் பரோட்டா கடைக்கு 'நைட் கிளப்' என்றே பெயர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் வேறு மாதிரி நினைத்துச் சிரிப்பார்கள்! சூடான பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றினால் யாருக்குத்தான் ஆசை வராது? மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. வாரத்தில் நான்கு ராத்திரி என்று ஆகும்போதுதான் உடம்பு கணக்குக் கேட்கத் தொடங்குகிறது.

உடம்பு கேட்கும் கணக்கு

நம் உடம்புக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பகலில் சாப்பிடும் உணவைச் சமாளிக்க இன்சுலின் சுறுசுறுப்பாக வேலை செய்யும். நள்ளிரவில் அதன் வேகம் குறைந்துவிடும். அதனால் ஒரே அளவு சோற்றைப் பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ஏறுகிற சர்க்கரையைவிட, ராத்திரி ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை அதிகம். ராத்திரி ஷிப்டுக்காரர்களுக்குச் சர்க்கரை நோயும் உடல் பருமனும் அதிகமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 31 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ரத்த அழுத்தம் என்று அது கணக்கிட்டது. உங்கள் தெருவில் பத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். மாத்திரை டப்பா இல்லாத வீடு எத்தனை?

இந்த இரண்டு நோய்க்குமே சாப்பாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. அந்தச் சாப்பாட்டில் எதை எவ்வளவு போடுவது என்ற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

உப்பு, எண்ணெய், சர்க்கரை - சாவி யார் கையில்?

வீட்டில் சமைத்தால் சாவி உங்கள் கையில். கடையில் வாங்கினால் சாவி கடைக்காரர் கையில். வீட்டுச் சமையலின் முதல் லாபம் இதுதான்.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளையும் பகுதி தூத்துக்குடிக் கரை. உப்பு விளையும் ஊர் என்பதற்காக உப்பை அள்ளிப் போடலாமா? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, தலைதட்டிய ஒரு டீஸ்பூன். குழம்பு, பொரியல், மோர், இட்லி மாவு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு! ஒரு துண்டு கருவாடு, ஒரு கீற்று ஊறுகாய், இரண்டு அப்பளம், சாயங்காலம் ஒரு பிடி மிக்சர் என்று சேர்ந்தால், குழம்பில் கை வைக்கும் முன்பே பாதி உப்பு உள்ளே போயிருக்கும். கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில் கருவாட்டை நன்றாக ஊற வைத்துக் கழுவி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள். அன்றைக்கு அப்பளத்துக்கு லீவு விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம். அளத்தில் தெரிந்தவர் கொடுத்தார் என்று அயோடின் சேர்க்காத கல் உப்பையே சமையலுக்குப் பயன்படுத்துவது இந்தப் பக்கத்தில் சகஜம். தைராய்டு சுரப்பிக்கும், கர்ப்பத்திலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அயோடின் அவசியம். நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்று 2006-லிருந்தே தடை இருக்கிறது. அயோடின் சேர்த்த உப்பை மூடிய டப்பாவில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் அயோடின் குறைந்துவிடும்.

அடுத்து எண்ணெய். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். இவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018-ல் நடைமுறைக்கு வந்தது. வடை, பஜ்ஜி போடும் சட்டியில் எண்ணெய் எத்தனையாவது தடவை கொதிக்கிறது என்று வாங்குகிற நமக்குத் தெரியுமா? வீட்டில் தெரியும். ஒரு யோசனை: எண்ணெய்ப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றைக்கே அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். ஒரு லிட்டர் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். அடுத்த மாதம் அதை இரண்டு மூன்று நாள் தள்ளிப் போட முடிகிறதா என்று முயற்சி செய்யுங்கள். எந்த டாக்டரும் சொல்லாமலே வீட்டின் எண்ணெய்ச் செலவு குறையும்.

சர்க்கரையிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. 'கருப்பட்டி காப்பிதான் குடிக்கேன், சீனியே தொடுறதில்ல' என்று சர்க்கரை நோயாளிகள் பெருமையாகச் சொல்வார்கள். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. மணமும் ருசியும் அதற்கே உரியவை. ஆனால் ரத்தத்தில் போய்ச் சேரும்போது கருப்பட்டியும் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிகள் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பாக்கெட் பிரித்தால் கை நிற்பதில்லை!

சிப்ஸ், இனிப்புப் பானம், உடனடி நூடுல்ஸ், கிரீம் பிஸ்கெட் போன்ற தொழிற்சாலைத் தயாரிப்புகளைத் தின்னத் தொடங்கினால் கை நிற்க மாட்டேன் என்கிறதே, ஏன்? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற விஞ்ஞானி 2019-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். 20 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் தொழிற்சாலைத் தயாரிப்பு உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. இரண்டிலும் முன்னால் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. 'எவ்வளவு வேண்டுமோ சாப்பிடுங்கள்' என்று விட்டுவிட்டார்கள்.

முடிவு என்ன தெரியுமா? தொழிற்சாலைத் தயாரிப்பு உணவு கிடைத்த நாட்களில் ஒவ்வொருவரும் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். இரண்டே வாரத்தில் எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. சமைத்த உணவுக்கு மாறியதும் அதே அளவு இறங்கியது. மென்மையான அந்த உணவை மெல்ல வேண்டிய வேலை குறைவு. வேகமாக உள்ளே போய்விடுகிறது. 'போதும்' என்று வயிறு சொல்வதற்குள் பாக்கெட் காலி! நம் வீட்டுக் கீரைக் கூட்டையும் வாழைத்தண்டுப் பொரியலையும் அப்படி விழுங்க முடியுமா? மென்றுதானே ஆக வேண்டும்?

குன்னூர் எலிகள் சொன்ன பாடம்

வீட்டில் சமைத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. எதைச் சமைக்கிறோம் என்பதும் முக்கியம். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது.

1918-ல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர், பெரிபெரி நோயைப் பற்றி ஒரே அறை அளவுள்ள ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி தொடங்கினார். கை கால் வலுவிழந்து, இதயமே பாதிக்கப்படும் அந்த நோய்க்குத் தயாமின் என்ற பி-1 வைட்டமின் குறைவுதான் காரணம். அரிசியை மெஷினில் வெள்ளை வெளேர் என்று தீட்டும்போது அந்தச் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. பிறகு அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி சேர்ந்த வடக்கத்தி உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பியிருந்த மதராஸ் உணவைத் தின்ற எலிகள் மெலிந்து, நோஞ்சானாகக் கடைசி இடத்தில் நின்றன! அந்தச் சின்ன ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது.

அரிசியே ஆகாது என்பதல்ல இதன் பொருள். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் புழுங்கல் அரிசியில், அவிக்கும்போது தயாமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் அந்தச் சத்து அதிகம். நம் பாட்டிமார் வைட்டமின் படிக்கவில்லை. ஆனாலும் நெல் அவித்தார்கள்!

தவறு அரிசியில் இல்லை, அளவில் இருக்கிறது. தட்டு நிறையச் சோறு, தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி காய் என்பதை மாற்றுங்கள். காய், கீரை, பழம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறார்கள். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ என்று கண் அளவாக வைத்தால் தராசு வேண்டாம். கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம், சாளை மீன். சீலாவைப் போல விலை ஏறிப் போகாத இந்தச் சின்ன மீனில் புரதம், இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு, பி-12, வைட்டமின் டி எல்லாம் இருக்கின்றன. பொரிக்காமல் குழம்பில் போட்டால் இன்னும் நல்லது. மீன் சாப்பிடாதவர்கள் பருப்பு, பயறு, பால், தயிரை விடாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூடி உட்கார்ந்தால் என்ன கூடும்?

சரி, வீட்டில் நல்லதாகச் சமைத்தாயிற்று. அவரவர் நேரத்துக்கு அவரவர் போட்டுச் சாப்பிட்டால் என்ன குறை?

இந்தக் கேள்வியையும் ஆராய்ந்திருக்கிறார்கள். குடும்பத்தோடு சாப்பிடும் பிள்ளைகளைப் பற்றிய 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 2011-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. மொத்தம் 1,80,000-க்கும் அதிகமான பிள்ளைகள். வாரத்தில் மூன்று வேளையாவது குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளில், எடை கூடியவர்கள் மற்றவர்களைவிட 12 சதவீதம் குறைவு. நல்ல உணவு சாப்பிடும் பழக்கம் 24 சதவீதம் அதிகம். பட்டினி கிடப்பது, அளவு மீறித் தின்பது போன்ற கோளாறுகள் 35 சதவீதம் குறைவு. சேர்ந்து சாப்பிடுவது ஒன்றே இத்தனைக்கும் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சேர்ந்து சாப்பிடும் வீடுகளில் மற்ற அக்கறைகளும் இருக்கும் அல்லவா? ஆனாலும் கவனிக்க வேண்டிய கணக்கு இது. தினம் மூன்று வேளை என்று யாரும் கேட்கவில்லை. வாரத்துக்கு மூன்று வேளை! அது எந்த ஷிப்டு வீட்டிலும் முடியும்.

பிரேசில் நாட்டு அரசாங்கம் 2014-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இத்தனை கலோரி, இத்தனை கிராம் என்று பட்டியல் போடவில்லை. 'முடிந்தபோதெல்லாம் துணையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், கற்றதை மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்' என்ற கருத்தை அதிகாரபூர்வமாகவே சேர்த்திருக்கிறார்கள்.

காரணங்களை நம் வீட்டிலேயே பார்க்கலாம். சாளையில் முள் அதிகம். டி.வி. பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தால்தான் சின்னப் பிள்ளை மீன் தின்னப் பழகும். அப்பா பாகற்காயை முகம் சுளிக்காமல் தின்பதைப் பார்த்துத்தான் பையனும் ஒரு துண்டு எடுத்து வாயில் போடுவான். சொல்லிக் கேட்காத பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். பேச்சும் அப்படித்தான். சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் குழந்தைகளுக்குப் புதுப் புதுச் சொற்கள் நிறையக் கிடைக்கின்றன என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஸ்னோ ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் எப்படித் தூக்குகிறது என்று அப்பா சொல்லும் கதை எந்தப் பாடப் புத்தகத்தில் வரும்?

இன்னொன்று, தட்டு பேசும்! மூன்று நாளாகச் சோறு பிசைந்துகொண்டே இருக்கும் மகளுக்கு மனசில் ஏதோ கவலை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கும் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும். சோறு விழுங்க முடியாமல் இருமும் தாத்தாவை டாக்டரிடம் காட்ட வேண்டும். தனித்தனியாகச் சாப்பிடும் வீட்டில் இதெல்லாம் யார் கண்ணில் படும்?

அம்மாவின் தட்டு எங்கே?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 'எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்' என்று சொல்லும் பல வீடுகளில், அந்த 'எல்லோரும்' என்பதில் ஒருவர் இருப்பதில்லை. அவர் தோசைக் கல் பக்கத்தில் நிற்கிறார்!

"நீங்கள்லாம் சாப்பிடுங்க, நான் பொறவு சாப்பிடுதேன்" என்பது தென் மாவட்டத்து அம்மாக்களின் தினசரி வசனம். பொறவு என்றால் எப்போது? எல்லோரும் எழுந்த பிறகு. அப்போது குழம்பில் மீன் துண்டு இருக்காது, கீரைச் சட்டி வழித்திருக்கும், சோறும் ரசமும் மிஞ்சியிருக்கும். 'அது வீணாப் போயிருமே' என்று நேற்றைய மிச்சமும் அவர் தட்டில்தான் விழும்.

இதன் விலை என்ன? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 57 சதவீதம். அதாவது, இந்தப் பக்கத்தைப் படிக்கும் இரண்டு பெண்களில் ஒருவர்! படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, தலைசுற்றல், முடி கொட்டுவது எல்லாவற்றையும் 'வயசாகுதுல்லா' என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம்.

ராஜஸ்தானில் பன்ஸ்வாரா, சிரோஹி மாவட்டங்களில் பழங்குடிக் குடும்பங்களிடம் ஒரு தொண்டு அமைப்பு இதை வேறு வழியில் அணுகியது. மாத்திரையோ பணமோ கொடுக்கவில்லை. 'வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்து சாப்பிடுங்கள்' என்று பழக்கப்படுத்தினார்கள். மனைவியின் தட்டில் என்ன விழுகிறது என்பதைக் கணவன் நேரில் பார்த்ததே ஒரு பெரிய மாற்றம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் உணவு மேம்பட்டது. கூடுதல் செலவு இல்லாத வைத்தியம்!

ஆகவே, சேர்ந்து சாப்பிடுவது என்றால் சமைத்தவரும் உட்கார வேண்டும். சுடச்சுட ஒவ்வொரு தோசையாகக் கேட்கிற வழக்கத்தை விடுங்கள். பாத்திரங்களை எல்லாம் நடுவில் வைத்துவிட்டு, அவரவர் போட்டுக்கொள்ளலாம். தோசைதான் வேண்டும் என்றால் முறை வைத்துச் சுடுங்கள். இன்று அப்பா, நாளை மகன், மறுநாள் மகள். வீட்டுச் சமையல் ஒரே ஆளின் முதுகில் ஏறினால் அது அந்த ஆளின் ஆரோக்கியத்தைத் தின்றுவிடும். காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, பாத்திரம் கழுவுவது, சந்தைக்குப் போவது என்று பங்கு போட்டால்தான் நிலைக்கும்.

எட்டயபுரத்துப் பந்தி

சேர்ந்து உண்பதன் அருமையை அரசாங்கத்துக்கே காட்டிய மண் இது. இதே தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில்தான் 1956-ல் முதலமைச்சர் காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது முதல் காரணம். ஜாதி, பணம் பார்க்காமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்றது அதனால் வந்த இன்னொரு நன்மை. பள்ளிக்கூடத்தில் கிடைக்கும் அந்தப் பந்தி வீட்டிலும் கிடைக்க வேண்டாமா?

எந்த ஷிப்டுக்கு எந்த வேளை?

'எல்லாம் சரி, எங்கள் வீட்டுக்கு ஒத்து வருமா?' என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

* காலை ஆறு மணி ஷிப்டு: ஆள் மத்தியானம் மூன்று மணிக்குள் வீடு வந்துவிடுவார். ராத்திரி எட்டு மணிச் சாப்பாடு எல்லோருக்கும் பொது.

* பகல் இரண்டு மணி ஷிப்டு: ராத்திரி முடியாது. காலை ஏழரை மணி இட்லி பொது. முந்தின நாள் தூங்கத் தாமதமாகியிருக்கும். பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளலாம்.

* ராத்திரி பத்து மணி ஷிப்டு: கிளம்பும் முன் எட்டு மணிக்குச் சேர்ந்து சாப்பிடுங்கள். அதுவே அவருடைய முக்கியச் சாப்பாடாக இருக்கட்டும். நடு ராத்திரியில் பரோட்டா வேண்டாம். பசித்தால் சுண்டல், பழம், மோர் போதும்.

* உப்பளம்: விடிகாலையில் கிளம்புகிறவர்கள் சீக்கிரம் தூங்க வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கே பொதுச் சாப்பாடு. வெயிலில் வேலை பார்ப்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

* கடல் தொழில்: ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் இருக்கும். வருமானம் குறைகிற காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் சேர்ந்து சாப்பிடும் பழக்கத்தைத் தொடங்கத் தோதான காலமும் அதுதான். மீன் விலை ஏறும் அந்த நாட்களில் முட்டை, பருப்பு, பயறு கைகொடுக்கும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் ஷிப்டுக்காரர்கள், ஷிப்டு மாறும்போது மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். தாங்களாகவே மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

சில சந்தேகங்கள்

வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தினம் சமைக்க நேரம் ஏது?
தினம் நான்கு வகை வேண்டியதில்லை. ஒரு சோறு, பருப்போ மீனோ போட்ட ஒரு குழம்பு, ஒரு காய். இது போதும். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்து, புளி கரைத்து, தேங்காய் துருவி ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால் வார நாளில் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்கிறார்களே?
உண்மைதான். புளியும் உப்பும் மீனில் ஊறிவிடும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சமைத்த பண்டத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள்.

சாப்பிட்டதும் டீ குடிக்கலாமா?
ரத்தசோகை உள்ளவர்கள் கூடாது. சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீயும் காப்பியும் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதற்குப் பதிலாக, முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

சாப்பிட உட்கார்ந்தாலே வீட்டில் சண்டை வருகிறதே?
மார்க், கடன், சம்பந்தி வீட்டுப் பஞ்சாயத்து மூன்றையும் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கக் கூடாது என்று வீட்டுச் சட்டம் போடுங்கள். பிள்ளையைச் சாப்பிடும்போது திட்டினால், அது சோற்றையும் வெறுக்கும், உங்களையும் வெறுக்கும்.

தனியாக இருக்கும் வயதானவர்கள் என்ன செய்வது?
தனியாக இருப்பவர்கள் 'ஒருத்திக்கு என்ன சமைக்க' என்று டீயும் பன்னுமாக ஓட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரை வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் பந்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சோறு, உங்கள் பிள்ளைகளுக்குக் கதை!

இந்த வாரத்திலிருந்தே...

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். இந்த வாரம் மூன்று வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷிப்டு அட்டவணை ஒட்டியிருக்கும் காலண்டரிலேயே அந்த மூன்று வேளைக்கும் வட்டம் போடுங்கள். அந்த அரை மணி நேரம் டி.வி. அணைந்திருக்கட்டும், செல்போன்கள் எல்லாம் அலமாரி மேல் இருக்கட்டும். பாயோ மேஜையோ எதுவானாலும் சரி, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தட்டு போடுங்கள். எண்ணிப் பார்க்கும்போது அம்மாவின் தட்டும் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.